புங்கந்தோப்பில் வெயில் விழுந்த தரை

காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தச் செடி முளைத்தாலும் என்னைக் கேட்காமல் முளைக்காது. கண்ணைக் கட்டிக் கையில் ஓர் இலையைக் கொடுங்கள். கசக்கி மோந்து பார்த்து, அதன் பேர், அது நின்ற இடம், பக்கத்தில் என்ன நின்றது என்பதுவரை சொல்லிவிடுவேன்.

சொல்ல மாட்டேன். வடிகட்டின பொய். நேற்றுதான் என் ஆட்டோவிலேயே என் மானம் போனது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் என்பதால் மார்க்கெட்டில் ஒரே கூட்டம். அங்கே ஏறின ஓர் அம்மா கையில் காய்கறிப் பை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். சதுர்த்தி பூஜைக்கு இருபத்தொரு வகை இலை வேண்டும் இல்லையா, அதை இப்போது பாக்கெட்டாகவே ஒட்டி விற்கிறார்கள். பிஸ்கட் மாதிரி.

"ஏம்பா, இதுல இருபத்தோரு இலையும் இருக்குதான்னு எப்பிடி தெரிஞ்சிக்கிறது?"

"என்னாண்ட குடும்மா. ஒரு காலத்துல இந்த இலைய தூக்கியே பொழச்சவன் நானு."

வண்டியை ஓரம் கட்டினேன். சீட்டில் கிடந்த இலையை எடுத்து ரெண்டு விரலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். "இது நொச்சிம்மா."

"அது கறிவேப்பிலைப்பா. என் பையிலேர்ந்து வுழுந்துச்சு."

சரி, போகட்டும். பாக்கெட்டையாவது பிரிப்போம் என்று பிரித்தேன். பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே மாவிலை கொஞ்சம், துளசி கொஞ்சம், அருகம்புல் ஒரு பிடி. மிச்சம் முழுக்க ஒரே இலை. பளபளவென்று, எண்ணெய் தடவினாற்போல. கசக்கிப் பார்த்தேன். அந்தப் பச்சைக் கசப்பு வாசனை மூக்கில் ஏறினதும் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டேன். கறிவேப்பிலையை நொச்சி என்பவனாக இருக்கலாம், ஆனால் இந்த ஒன்றை நான் செத்தாலும் தப்பாகச் சொல்ல மாட்டேன். புங்க இலை. அந்த இருபத்தொன்றில் புங்கைக்கு இடமே கிடையாது.

"இன்னாபா, உள்ள பூச்சியா?" என்று அந்த அம்மா காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"இல்லம்மா. புங்க இலை."

"அதுக்கு ஏன்பா பேயடிச்சாப்புல பாக்குற?"

அதைச் சொல்ல வேண்டுமென்றால் தேசம்மா அக்காவைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் சொல்ல நேரமில்லை, இறங்கிப் போய்விட்டார்கள். உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எங்கே இறங்கிப் போகப் போகிறீர்கள்.

மீசை முளைத்த புதிதில் நான் பட்டுக்குச் சாயம் போடும் இடத்தில் வேலைக்கு இருந்தேன். மாம்பழ நிறம் கேட்டார்கள், நான் மஞ்சள் காமாலை நிறத்தில் எடுத்தேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டு வாசல் பக்கம் நடந்துவிட்டேன். படிப்பும் கிடையாது. பஸ் போர்டில் இருக்கிற எழுத்துதான் எனக்குத் தெரிந்த எழுத்து. உத்திரமேரூர் என்று எழுதச் சொன்னால் எழுதுவேன், என் பேரை எழுதச் சொன்னால் யோசிப்பேன். அப்படித் திரிந்துகொண்டிருந்தவனை எங்கள் தெருக்கோடியில் இருந்த தேசம்மா அக்காதான் கூப்பிட்டாள். "சைக்கிள் வெச்சிருக்கியேடா, சும்மா ஏன் காத்து அடிச்சிக்கினு இருக்குற? எங்கூட வா."

அக்கா வருஷம் முழுக்க நடவு, களை என்று கழனி வேலைக்குப் போகிறவள். ஆவணி பிறந்தால் மட்டும் இலைக்காரி. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில், எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு கடை வாசலில், சதுர்த்தி அன்று விடிந்ததும் சாக்கை விரித்து உட்காருவாள். அந்தப் பக்கத்துத் தெலுங்குக்கார வீடுகளுக்கு அந்த இலை இல்லாமல் சதுர்த்தியே கிடையாது. பத்ரி, பத்ரி என்று அவர்கள் பாஷையில் இலையைக் கேட்டுக்கொண்டு தட்டோடு வந்து நிற்பார்கள். அக்கா வாழைநாரில் கட்டின கட்டை எடுத்து நீட்டுவாள். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நெற்றியில் நாமம் இருந்தால் பெருமாள் கோயில், கட்டில் வாழைநார் இருந்தால் தேசம்மா. அவ்வளவு பேர்.

ஒரு வருஷம் பக்கத்துக் கடைக்காரன் சீண்டினான். "எல்லாம் இருக்குதா, இல்ல வேலியில கைக்கு வந்தத ஒடிச்சிக்கினு வந்துட்டியா?"

அக்கா எழுந்து நின்றாள். சின்ன உருவம்தான், எழுந்தால் பெரிதாகிவிடுவாள். "தோ பாரு, என் கட்டுல என்னிக்கி ஒண்ணு கொறையுதோ, அன்னியோட இந்த வாசல்ல நான் சாக்கு விரிக்க மாட்டேன். பெருமாள் கோயில் பக்கம் பாத்து சொல்றேன்." தெருவே கேட்டது. அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு முதலில் கை தட்டினவன் நான்தான்.

மா, மாதுளை, அரசு, துளசி எல்லாம் தெருவிலேயே கிடைத்துவிடும். சள்ளை பிடித்தது சின்னச் செடிகள்தான். அதற்கு ஓரிக்கை தாண்டி பாலாற்றை ஒட்டி ஒரு புங்கந்தோப்பு இருந்தது. ஊர்ப் பொதுத் தோப்பு. நடவுக்கு முன்னால் கழனிக்காரர்கள் வந்து, நீள மூங்கிலில் அரிவாள் கட்டின அலக்கால் புங்கங்கிளைகளைக் கழித்துக்கொண்டு போய், சேற்றில் போட்டு மிதிப்பார்கள். அதுதான் அப்போது உரம். இந்த வருஷம் ஆற்றோரத்து மரங்கள் என்றால் அடுத்த வருஷம் ரோட்டோரத்து மரங்கள். முறை வைத்துக் கழிப்பார்கள். கழித்த மரம் மொட்டைத் தலையோடு நிற்கும், கழிக்காத மரம் குடுமியோடு நிற்கும். அதனால் அந்தத் தோப்புத் தரை கட்டம் போட்ட புடவை மாதிரி இருக்கும், ஒரு கட்டம் வெயில், ஒரு கட்டம் நிழல்.

வெயில் கட்டத்தில் என்னென்ன கிடக்கும் என்கிறீர்கள்! துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிற நாயுருவி, கிட்டே போனாலே குத்துகிற கண்டங்கத்திரி, வெள்ளை வெள்ளையாகத் தும்பை, தொட்டால் அரிக்கிற ஏதோ ஒன்று (அதன் பேர் கடைசிவரை தெரியவில்லை, அரிப்பு மட்டும் தெரியும்). எல்லாவற்றுக்கும் கீழே, தரையோடு தரையாக, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூவோடு விஷ்ணுகிராந்தி. அக்கா அதைப் பார்த்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல. வெயில் ஏறினால்தான் பூக்கும், மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும்.

இந்தப் பூமேல்தான் கழனிக்காரர்கள் கிளையை இழுத்துக்கொண்டு போவார்கள். கோதண்டம் என்று ஒருவர், அவருக்கு அக்காவைக் கண்டால் ஆகாது, அக்காவுக்கும் அவரைக் கண்டால் ஆகாது.

"யோவ், பாத்து இழுய்யா. கீழ செடி இருக்குது."

"செடியா? இது தோப்பா, உன் கொல்லையா? நான் தழைக்கு வந்துக்கினு இருக்குறேன், நீ களைக்கு காவல் காக்குற."

"களையா? உன் மருமவ வந்து சதுர்த்தியன்னிக்கி என்னாண்டதான் கைய நீட்டுவா. அப்ப சொல்லு களைன்னு."

"எம்மருமவ பிள்ளையாருக்கு போடுவா. எங்கழனி பிள்ளையாரு புங்கந்தழைதான் கேக்குறாரு, போ."

அவர்கள் பின்னாலேயே ஆடு வரும். ஆட்டுக்குப் பின்னால் சுள்ளி பொறுக்குகிறவர்கள். அக்காவுக்கு வயிறு எரியும். ஒருநாள் மிதிபட்டு நசுங்கின நீலப் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு மனுசக் கை படாம இந்தத் தோப்பு கெடந்துதுன்னா, எப்பிடி இருக்கும் தெரியுமாடா?"

எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் ரெண்டு பேருக்கும் தெரிந்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஓர் இடத்தில் கை வைக்காமல் தடுக்கப் போலீஸ் வேண்டாம், வேலி வேண்டாம். ஒரு கல் போதும். அக்கா சொல்லி நான்தான் பாலாற்றிலிருந்து கல்லை உருட்டி வந்தேன். நல்ல வழவழப்பான கல், அதுவரை நான் அதில்தான் லுங்கி துவைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகி, மரத்தடியில் நட்டு மஞ்சள் துணி சுற்றியதும் எனக்கே பயமாகிவிட்டது. தள்ளி நின்று கும்பிட்டேன். அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள். "உன் அழுக்கு போன கல்லுடா அது!"

அடுத்த நாள் கோதண்டம் அலக்கோடு வந்தார். கல்லைப் பார்த்தார். அலக்கைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். "எப்ப வந்தாங்க அம்மா?" என்று அக்காவிடமே கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? கனவுல வந்தாப்புல இருந்துச்சு," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது. பேரும் ஊரே வைத்துவிட்டது, புங்கடியம்மன் என்று. அதற்கப்புறம் ஓர் அலக்கு உள்ளே வரவில்லை, ஓர் ஆடு வரவில்லை. கழனிக்கும் அந்த நேரம் மூட்டை உரம் வந்துவிட்டது, தழை யாருக்கு வேண்டும்?

முதல் வருஷம் பார்க்க வேண்டும் நீங்கள்! மிதிபடாத செடிகள் இடுப்பு வரைக்கும். சைக்கிள் கேரியர் தாங்கவில்லை. அக்கா ராணி மாதிரி நடந்தாள். அடுத்த வருஷம் கொஞ்சம் உள்ளே போய்த் தேட வேண்டியிருந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். தும்பை இல்லையே என்றேன். "மழ சரியில்லடா," என்றாள். பிறகு ஒரு வருஷம் நல்ல மழை. அப்போதும் கண்டங்கத்திரி ஆற்றோரத்துக்குப் போய்விட்டிருந்தது. "எடம் மாறிக்கினு போவும்டா, மனுசன் போவல?" நானும் தலையாட்டினேன். கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்காமல் இருப்பதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது.

பிறகு அந்த ஆவணி. சதுர்த்திக்கு முதல் நாள் காலையில், நல்ல வெயிலில் தோப்புக்குள் நுழைந்தோம். நுழைந்ததும் வெயில் அணைந்துவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். மேலே பார்த்தால் வானமே இல்லை. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளைக்குள் புகுந்து, அதன் மேல் இன்னொன்று. கழிக்க ஆளில்லாமல் எல்லா மரமும் குடுமி வளர்த்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றன. உள்ளே குளுகுளுவென்று, நெல்லு மூட்டை அடுக்கின அறை மாதிரி ஒரு இருட்டு.

கீழே பார்த்தேன். தரை வெறுமையாக இருந்தது. காய்ந்த சருகு. சருகைத் துளைத்துக்கொண்டு ஊசி ஊசியாகக் கன்றுகள், ஆயிரக்கணக்கில். குனிந்து பார்த்தால் எல்லாம் ஒரே கன்று. எல்லாம் புங்கு. வேறு ஒன்று, ஒன்றே ஒன்று, பேருக்குக்கூட இல்லை. கட்டம் போட்ட புடவையிலிருந்து யாரோ பூவையெல்லாம் உருவிவிட்டு வெறும் துணியை விரித்துப் போட்ட மாதிரி.

"யாரோ பெருக்கிட்டு போயிருக்கான்டா," என்றாள் அக்கா. குரல் அவள் குரலாக இல்லை. "எவனோ நமக்கு முந்தி வந்து எல்லாத்தையும் புடுங்கிக்கினு போயிட்டான்."

சருகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிடுங்கின பள்ளம் வேண்டுமே! ஒரு பள்ளமும் இல்லை. யாரும் வரவே இல்லை. அவள் ஆசைப்பட்ட மாதிரியே, ஒரு மனிதக் கை படாமல் கிடந்தது தோப்பு.

நடுத்தோப்பில் ஒரு பெரிய கிளை காற்றில் முறிந்து விழுந்திருந்தது. அது விட்ட ஓட்டை வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்கு இறங்கியிருந்தது. அந்தப் பாய் மேல் நாயுருவி. ரெண்டு தும்பை. ஓரத்தில் ஒரே ஒரு நீலப் பூ, விரிந்து நின்றது. பாய்க்கு வெளியே ஒரு சாண் தள்ளினால் ஒன்றும் இல்லை, வெறும் சருகு. அக்கா அந்தப் பூவைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கோதண்டம்டா," என்றாள். "அந்தாளு வெட்ட வெட்டத்தான்டா இதுங்க இருந்துச்சு."

அந்தச் சண்டைக்காரர் வருஷா வருஷம் வெயிலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் துவைக்கிற கல்லை நட்டு வாசலைச் சாத்திவிட்டோம்.

"அந்தப் பூவ பறிச்சிக்கலாம்கா. ஒரு கட்டுக்காவது ஆவும்," என்றேன்.

"அதையும் புடுங்கிட்டா அடுத்த வருசம் வெத எங்கருந்து வரும்?" என்றவள் எழுந்து, நாங்கள் இலை ஒடிக்க வைத்திருந்த அலக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள். பக்கத்து மரத்தில் மாட்டி இழுத்தாள். ஒரு கிளை சடசடவென்று வந்தது. அடுத்தது. வெயில் இன்னொரு முழம் நகர்ந்தது. சத்தம் கேட்டு ஆற்றுப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் யார்? கோதண்டமேதான்.

"ஏய் தேசம்மா! அம்மா மரத்துல கைய வெக்கிறியா? கண்ணு போயிடும்டீ!"

"அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது! அந்தக் கல்ல வெச்சதே நான்தான்யா! லுங்கி தொவைக்கிற கல்லு! வந்து வெட்டுய்யா! பழையபடி வெட்டு! உள்ள வெளிச்சம் வுடு!"

தலைமுடி அவிழ்ந்து, கண் சிவந்து, கையில் அரிவாளோடு நின்றாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோதண்டம் மெல்ல, பயபக்தியோடு, கையைத் தலைக்கு மேலே தூக்கினார். "அம்மா வந்துட்டாங்கடா," என்றார்.

"ஆத்தா!" என்று ஒரு பெண் காலில் விழுந்தாள். யாரோ குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அக்கா தலையில் கொட்டினார்கள். கற்பூரம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நான் தேசம்மாய்யா! நல்லா பாருங்கய்யா!" என்று அவள் கத்தக் கத்த, "கோவம் வேணாம் தாயே, கோவம் வேணாம் தாயே" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் "ஆமாங்க, அந்தக் கல்லு என்னுது" என்றேன். "அம்மா பேசறப்ப குறுக்க பேசறியா" என்று ஓர் அறை விழுந்தது. வாழ்க்கையில் நான் உண்மை பேசி வாங்கின முதல் அறை அதுதான், மற்றதெல்லாம் பொய்க்கு வாங்கினது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளோடு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. நான் மட்டும் சின்ன காஞ்சிபுரம் போனேன். பூட்டின கடை வாசலில் தட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். எப்போதும் முதலில் வருகிற சகுந்தலாம்மா, அந்தத் தெலுங்குக்காரத் தெருவிலேயே பெரிய வீடு அவர்களுடையது, "எங்கப்பா தேசம்மா?" என்றார்கள்.

"விஷ்ணுகிராந்தி கெடைக்கலம்மா. ஒண்ணு கொறஞ்சா சாக்கு விரிக்க மாட்டேன்னு சொல்லியிருந்துச்சு இல்ல, அதான் வரல."

அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். "அய்யோ, இந்த மாத்ரானிக்கா? இதுக்காகவா? ஒரு இலை இல்லேன்னா நாங்க அந்த எடத்துல கொஞ்சம் அட்சதை போட்டு கும்பிட்டுப்போமேப்பா. எல்லா வீட்லயும் அப்படித்தானே!"

இத்தனை வருஷம்! முட்டி தேய, கை கீற, ஒரு பூவுக்காகச் சண்டை போட்டு, சாமியையே நட்டு... அட்சதையாம். ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் அறிவு.

"அவுங்க அரிசி போட்டு நெரப்பிக்குவாங்கடா," என்றாள் அவள். "நான் எத்தப் போட்டு நெரப்பறது?"

அதற்கப்புறம் அவள் அந்த வாசலில் சாக்கு விரிக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

தோப்பு? போய்ப் பாருங்கள், ஜோராக இருக்கிறது. கல் போய் சிலை வந்து, சிலைக்குத் தகரக் கூரை வந்து, மரத்தடி முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், ஆற்றங்கரை வரைக்கும். காலில் ஒரு முள் குத்தாது. ஆடித் திருவிழா நடக்கிறது. சுற்றிலும் புங்க மரங்கள் எண்ணெய் தடவின இலையோடு ஜம்மென்று நிற்கின்றன, இலை ஒடிக்கிறவர்கள் மூட்டை மூட்டையாக ஒடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது. தும்பை கிடையாது. கண்டங்கத்திரி கிடையாது. எனக்குப் பேர் தெரியாத அந்த அரிப்புச் செடிகூடக் கிடையாது. கடைசிவரை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இனிமேல் யாரைக் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது?

டைல்ஸ் போடுவதற்கு முன்னால் அக்காவிடம்தான் உத்தரவு கேட்டார்கள். அம்மா அவள்மேல்தானே வருவாள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். கூட்டம் தேங்காய் பழத்தோடு நின்றது. வேண்டாம் என்று அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், ஒரு மூட்டை சிமெண்ட் உள்ளே வந்திருக்காது. நான் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தேன், சாமி ஆடுக்கா, ஆடு என்று. அவள் தரையைப் பார்த்தாள். சருகை ஒரு காலால் தள்ளினாள். இன்னொரு இடத்தில் தள்ளினாள்.

"போட்டுக்கோங்க," என்றாள். "கீழதான் ஒண்ணுமே இல்லியே."

எல்லாரும் "உத்தரவு ஆயிடுச்சு" என்று கை தட்டினார்கள். நான் அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, மண்ணுக்குள்ள வெத இருக்கும்கா, நாலு கிளைய மட்டும் கழிச்சி வுட்டா...

"யோவ் ஆட்டோ! யார்கிட்டயா பேசிக்கினு இருக்குற? பஸ் ஸ்டாண்டுக்கு வருவியா, மாட்டியா?"

தோ வந்துட்டேம்மா.